மகள் அரசாங்க வக்கீலானால் தொழிலாளிக்கு எதிரியாகிவிடுவாளா?

அக்கா, நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். சட்டப் படிப்பின் கடைசி வருடத்தில் இருக்கும் மகள், இங்கே தென்னாப்பிரிக்காவில், அரசுத் துறைகளுக்கு வக்கீலாக இருக்கும் டர்பன் ஸ்டேட் அட்டர்னி அலுவலகத்தில் சேர்ந்து தொழிலாளர் வழக்குகளைப் பார்க்கப் போகிறேன் என்கிறாளே, அதில் பிழைப்பு உண்டா என்பது ஒன்று. உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது மற்றது என்று தெரிகிறது. அவள் அப்பா சாட்ஸ்வொர்த்திலிருந்து பஸ் ஏறிப் போய்த் துணி ஆலையில் உழைத்தவர், அங்கே ஷாப் ஸ்டூவர்டாக, அதாவது யூனியன் பிரதிநிதியாக இருந்தவர். அவர் பெற்ற பெண் அரசாங்கத்தின் பக்கம் நின்று, வேலை பறிபோன ஒருவரை எதிர்த்து வாதாடுவதா? முதலில் இதற்கே வருகிறேன்.

எதிர்த்து வாதாட வேண்டிய நாள் வரும், அதை மறைக்கவில்லை. ஆனால் இந்த வேலையில் பெரும்பகுதி கோர்ட்டில் நடப்பதே இல்லை. ஒழுங்கீனத்துக்காக ஒருவரை நீக்கிய வழக்கு, தொழில் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் ஆணையமான சிசிஎம்ஏ-வில் நடுவர் முன் வரும்போது, வக்கீல் வைத்துக்கொள்ளத் தானாக உரிமை கிடையாது, அனுமதி வாங்க வேண்டும். அதனால் இந்தத் துறையில் வக்கீலின் மதிப்பு வழக்குக்கு முன்னாலேயே, கோப்பைப் படித்து "இதை நடத்தலாம், இதை நடத்தாதீர்கள்" என்று எழுதிக் கொடுப்பதில் இருக்கிறது.

ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து திருடியதாக ஒரு கிளார்க்கை நீக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலதிகாரி கோபத்தோடு நாலு பக்கம் எழுதி அனுப்பியிருப்பார். அதைப் படிப்பதற்கு முன் உங்கள் மகள் நோட்டீசின் தேதியைப் பார்ப்பாள். அரசு ஊழியர் ஒழுங்கு விதிப்படி, விசாரணைக்குக் குறைந்தது 5 வேலை நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். இங்கே வெள்ளிக்கிழமை கொடுத்துச் செவ்வாய்க்கிழமை விசாரணையையே முடித்துவிட்டார்கள். அப்புறம் ஸ்டோர் ரூம் சாவி அன்று யாரிடம் இருந்தது, யூனியன் ஆளைக் கூட்டிவர விட்டார்களா, போன வருடம் இதே தப்பைச் செய்த இன்னொருவரை எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்களா என்று ஒவ்வொரு தாளாகப் புரட்டுவாள். எல்லாம் பார்த்துவிட்டு, "இது நிற்காது, சமரசம் பேசுங்கள்" என்று எழுதுவாள். அந்த அதிகாரி போன் போட்டுச் சத்தம் போடுவார், இவள் அசையக் கூடாது. அந்தக் கிளார்க்குக்கு இவள் யாரென்றே தெரியாது, ஆனாலும் அவருக்கு வேலையோ நஷ்டஈடோ கிடைப்பதில் இவள் கை இருக்கும்.

மாணவியிடம் பாலியல் குற்றம் செய்த ஆசிரியரை நீக்கியே தீர வேண்டும் என்கிறது 1998-ஆம் வருட ஆசிரியர் பணிச் சட்டம். அந்த வழக்கில் கோப்பு சரியில்லாமல் அரசாங்கம் தோற்றால் அந்த ஆள் திரும்ப வகுப்புக்கு வந்து நிற்பான். அங்கே இவள் ஜெயித்தாக வேண்டும். உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், புரிந்துகொள்வார்.

1894-இல் முதலாளி அடித்து முன்பல் உடைந்த பாலசுந்தரம், நம் தமிழ் ஒப்பந்தக் கூலி, தலைப்பாகையைக் கையில் பிடித்துக்கொண்டு காந்தியிடம் வந்தார். வேலையை விட்டுப் போனாலே அன்று கிரிமினல் குற்றம். அவரை வேறு முதலாளியிடம் மாற்றிவிடக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அரசாங்க அதிகாரியைத்தான் நாட வேண்டியிருந்தது. அரசாங்க மேசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நம் ஆட்களுக்கு அன்றிலிருந்தே முக்கியம், அக்கா.

மனம் ஒப்பவே இல்லையென்றால், தொழிலாளர் துறையிலேயே சட்டப் பிரிவு இருக்கிறது. குறைந்தபட்சக் கூலி கொடுக்காத முதலாளிகள் மேல் நடவடிக்கை எடுப்பது அந்தப் பக்கம். அதுவும் அரசாங்க உத்தியோகம்தான்.

பிழைப்புக்கு வருவோம். எல்எல்பி 4 வருடம். அதற்குப் பின் ஆர்ட்டிகிள்ஸ், அதாவது வக்கீல் அலுவலகத்தில் பயிற்சி, 2 வருடம். முழுநேர சட்டப் பயிற்சிப் பள்ளிக்குப் போனால் அது 1 வருடமாகக் குறையும். பிறகு வக்கீல்களை மேற்பார்க்கும் லீகல் பிராக்டிஸ் கவுன்சில் நடத்தும் தேர்வுகள், ஹைகோர்ட்டில் பதிவு. ஸ்டேட் அட்டர்னி அலுவலகத்திலேயே ஆர்ட்டிகிள்ஸ் எடுக்கிறார்கள், ஆனால் இடம் குறைவு. சம்பளம் நிலையானது, பதவி உயர்வு மெதுவாகத்தான் வரும். எனக்கு இருக்கும் ஒரே கவலை, வந்த கோப்பை அப்படியே, கோர்ட்டில் வாதாட அமர்த்தும் வெளி அட்வகேட்டுக்கு அனுப்பிவிட்டுத் தபால்காரர் மாதிரி இருந்துவிடுகிறவர்களும் இந்த வேலையில் உண்டு என்பது. அட்வகேட்டுக்கு அனுப்பும் முன் தன் கருத்தைத் தானே எழுதும் பழக்கத்தை அவள் முதல் மாதத்திலிருந்தே பிடித்துக்கொள்ள வேண்டும்.

இந்தியர் பிள்ளைகளுக்கு அரசாங்க வேலை கிடைக்காது என்று அக்கம்பக்கத்தில் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி சட்டம், அதாவது வேலையில் சமத்துவத்துக்கான சட்டம், இந்தியர்களையும் முன்னுரிமைப் பிரிவில்தான் வைத்திருக்கிறது, பெண்களையும் சேர்த்து. இலக்குகளை ஒட்டிப் போட்டி கடுமையாக இருப்பது உண்மை, கிடைத்தே தீரும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அதற்காக விண்ணப்பிக்காமலே இருப்பது சரியில்லை.

இப்போதே செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. ஜூலு மொழி நன்றாகப் பேசக் கற்றுக்கொள்ளட்டும். நம் குவாசூலு-நேட்டால் மாகாணத்தில் சாட்சி சொல்ல வருகிறவர்களில் பெரும்பாலோர் பேசுவது அதுதான், பல்கலைக்கழகத்தில் படித்த ஒரு பாடம் போதாது. 2007-இல் கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் சொன்ன சிடுமோ தீர்ப்பை முழுதாகப் படிக்கட்டும், இணையத்தில் இலவசமாகவே இருக்கிறது. 15 வருடம் கறையில்லாமல் வேலை பார்த்த சுரங்கக் காவலாளியை நீக்கியது செல்லாது என்று நடுவர் சொன்னதை அந்தக் கோர்ட் நிலைநிறுத்தியது. நியாயமான ஒரு நடுவர் எடுத்திருக்கக்கூடிய முடிவு என்றால் அதைக் கோர்ட் கலைக்காது என்பது அதன் சாரம். முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக அரசுத் துறை மேலே மேலே வழக்குக்கு ஓட முடியாது என்பதை முதலிலேயே எடுத்துச் சொல்ல வேண்டியது இவள் மாதிரி ஆட்கள்தான்.

அப்புறம், டர்பனில் லேபர் கோர்ட் இருக்கிறது, விசாரணையை யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். படிப்புக்கு லீவு விட்டிருக்கும்போது அவளைப் போகச் சொல்லுங்கள், அவள் அப்பாவும் கூடப் போகட்டும். அரசு வேலைக் காலியிடச் சுற்றறிக்கையை அவள் வாராவாரம் பார்க்க வேண்டும், அரசு வேலைக்கான விண்ணப்பமான இசட் 83 படிவத்தை ஒரு கட்டம்கூட விடாமல் நிரப்ப வேண்டும். அரைகுறையாக நிரப்பியதை ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள்.