டேபிள்டாப் ஆர்பிஜி புத்தகங்களில் வரும் ஃபேன்டஸி ஓவியங்கள் ஏன் இப்படி அனிமே மாதிரி ஆகிவிட்டன?

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாகக் கதையை நடத்தும் விளையாட்டுகள்தான் டேபிள்டாப் ஆர்பிஜி. அவற்றில் ஒன்றான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் பழைய புத்தகங்களில் இருந்த கம்பீரம் போய் இப்போது எல்லாமே அனிமே பொம்மைகளாகிவிட்டன, இது எப்போது உள்ளே நுழைந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். வருத்தம் எனக்கும் கொஞ்சம் உண்டு. ஆனால் "உள்ளே நுழைந்தது" என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

எங்கள் விளையாட்டுக் குழுவில் கதாபாத்திரங்களை வரைவது என் வேலை. சமீபத்தில் ஒரு எல்ஃப் (கூர்க்காது கொண்ட, மனிதரைப் போன்ற கற்பனை இனம்) வில்லாளியை வரைந்தேன். காது சின்னதாக, முனை மட்டும் கூராக. அவளை ஆடப்போகும் நண்பர் பார்த்துவிட்டு, "என்னப்பா இது, மனுஷி மாதிரி இருக்கா. காதை இன்னும் இழு" என்றார். இழுத்தேன். "இன்னும் கொஞ்சம்." கடைசியில் காது இரண்டும் தலைமுடிக்கு வெளியே, பக்கத்துக்கு ஒன்றாக, கத்தி போல நீட்டிக்கொண்டு நின்றபோதுதான், "ஆங், இதான் எல்ஃப்" என்றார். அனிமே என்றாலே முகத்தைச் சுளிக்கிறவர் அவர்!

அந்தக் காதின் பூர்வீகம் அவருக்குத் தெரியாது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் அமெரிக்காவில் வந்தது. அதன் அடிப்படைப் பெட்டி 1985-இல் ஜப்பானிய மொழியில் வெளியானது. அடுத்த வருடமே ரியோ மிசுனோவும் அவருடைய நண்பர்களும் அதை வைத்து ஆடிய ஆட்டத்தை, யார் என்ன சொன்னார்கள் என்பது உட்பட அப்படியே எழுத்தாக்கி, காம்ப்டிக் என்ற பத்திரிகையில் தொடராகக் கொடுத்தார்கள். அதுதான் ரெக்கார்ட் ஆஃப் லோடாஸ் வார். 1988-இல் நாவல், 1990-இல் அனிமே. அதில் வரும் டீட்லிட் என்ற எல்ஃப் பெண்ணுக்கு யுடகா இசுபுச்சி வரைந்த காதுதான் அந்த நீளக் காது. ஜப்பானிய ஃபேன்டஸியில் எல்ஃப் என்றாலே அந்தக் காது என்று ஆகிப்போனது. அங்கிருந்து அனிமே, வீடியோ கேம் வழியாக உலகம் சுற்றி, என் நண்பரின் தலைக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஆக, நீங்கள் அனிமே என்று சொல்லும் ஃபேன்டஸியின் ஒரு பெரிய கிளை டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடிய மேஜையிலேயே முளைத்ததுதான். கொடுத்த கடன் வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது.

இதைவிட வேடிக்கை, அமெரிக்கப் புத்தகங்கள் கைவிட்டதை ஜப்பானியர்கள் பத்திரமாக வைத்திருப்பது. 1977-இல் வந்த மான்ஸ்டர் மேனுவல் என்ற டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அரக்கர் கையேட்டில் ஆர்க் என்ற முரட்டு இனத்துக்குப் பன்றி மூஞ்சி, கோபோல்டு என்ற குள்ளப் பிராணிக்கு நாய்ச் சாயல். பிறகு அமெரிக்கப் புத்தகங்களில் ஆர்க்கின் பன்றி மூக்கு மறைந்தது. 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில் கோபோல்டு டிராகன் வம்சத்துப் பல்லியாகிவிட்டது. ஜப்பானில் பன்றி பன்றியாகவும் நாய் நாயாகவுமே நின்றுவிட்டன. ரியோகோ குய் வரைந்த டெலிஷியஸ் இன் டன்ஜன் என்ற மாங்காவில் (ஜப்பானிய காமிக்ஸ்) வரும் கோபோல்டைப் பாருங்கள், அசல் நாய். அதைப் பார்த்துவிட்டு, "அனிமேக்காரர்கள் கோபோல்டைக் கெடுத்துவிட்டார்கள்" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார்.

மேற்கத்தியப் புத்தகங்களில் அனிமே நேரடியாக இறங்கியதும் உண்மைதான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. 1997-இல் பிக் ஐஸ், ஸ்மால் மவுத் (பெரிய கண், சின்ன வாய்) என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு ஒரு ஆர்பிஜி வந்தது. 2001-இல் வந்த எக்ஸால்டட் அந்தப் பாணியைத் தன் அடையாளமாகவே வைத்துக்கொண்டது. இன்று ஃபாபுலா அல்டிமா போன்றவை ஜப்பானிய வீடியோ கேம் பாணியை எந்தத் தயக்கமும் இல்லாமல் எடுத்துக்கொள்கின்றன. இவற்றை "அனிமே மாதிரி இருக்கு" என்று குறை சொல்வது இட்லி வெள்ளையாக இருக்கிறது என்று குறை சொல்வது போலத்தான்.

சிக்கல் நடுவில் இருப்பவற்றில். பாத்ஃபைண்டர் என்ற ஆர்பிஜியின் காட்டுமிராண்டி வீராங்கனை அமிரியின் கையில் இருக்கும் வாள் கிட்டத்தட்ட அவள் உயரத்துக்கு இருக்கும். பார்த்ததும், "பெர்செர்க், ஃபைனல் ஃபேன்டஸி 7 காப்பி" என்பார்கள். முன்னது மாங்கா, பின்னது வீடியோ கேம்; இரண்டிலும் நாயகன் கையில் ராட்சத வாள். அந்தச் சாயல் இல்லை என்று நானும் சொல்லவில்லை. ஆனால் அவள் கதையைப் படித்தால் அது பனி அரக்கர்களுக்காகச் செய்த வாள். சாதாரண நேரத்தில் அவளாலேயே அதைச் சரியாகச் சுழற்ற முடியாது, வெறி ஏறினால்தான் முடியும். அனிமேயில் பெரிய வாள் என்பது ஒரு தோரணை. இங்கே அதற்கு ஒரு விலை இருக்கிறது, விளையாட்டின் விதியோடு கட்டிப்போட்டிருக்கிறார்கள். அமிரியை வரைந்த வெய்ன் ரெனால்ட்ஸ் பிரிட்டிஷ்காரர், போர் வரலாற்றுப் புத்தகங்களுக்குப் படம் போட்டவர். பெல்ட், வார், பை, கொக்கி என்று அவர் அடுக்குவதை அனிமே கணக்கில் எழுதுகிறவர்கள் 90-களின் அமெரிக்க சூப்பர்ஹீரோ காமிக்ஸைப் புரட்டிப் பார்க்கட்டும். அங்கே தொடையைச் சுற்றிக்கூடப் பை கட்டியிருப்பார்கள்.

எனக்குப் படுவது வேறு. உண்மையில் மாறியது கண்ணின் அளவு இல்லை, படத்தின் வேலை. 80-களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வரைந்த லாரி எல்மோர், ஜெஃப் ஈஸ்லி ஓவியங்களை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் மலை இருக்கும், வானம் இருக்கும், ஒரு பக்கத்திலிருந்து வெயில் விழும், ஆட்கள் அந்த இடத்துக்குள் நிற்பார்கள். அந்தப் படம் ஒரு சம்பவத்தைச் சொன்னது. பிறகு பக்கத்துக்குப் பக்கம் வண்ணம் அச்சிட முடிந்தபோது, பின்னணியே இல்லாத தனி உருவத்தை வெட்டி வைத்து அதைச் சுற்றி எழுத்தை ஓடவிட்டார்கள். வெள்ளைத் தாளில் தனியாக நிற்கிறவனை யார் என்று எப்படிக் காட்டுவது? நிழலுருவத்தால், உடையால், நிற்கிற தோரணையால். இந்தக் கலையில் அனிமேவும் மாங்காவும் பழம் தின்று கொட்டை போட்டவை. கோட்டில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதனால் ஓவியர்கள் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். எனக்கும் அதே கதைதான்: ஆட்டம் தொடங்க ஒரு மணி நேரம் இருக்கும்போது எண்ணெய் வண்ணத்தில் மலையும் வெயிலும் வரைய முடியாது; நாலு கோட்டில் முறைக்கிற புருவம் வரைய முடியும்.

இழந்தது ஒன்று உண்டு, அதை நானும் விட்டுக்கொடுக்க மாட்டேன்: வயசு. பழைய படங்களில் மூக்கு உடைந்தவன், தொப்பை விழுந்தவன், பல்லுப் போன மந்திரவாதி எல்லாம் இருந்தார்கள். இப்போது பாதிப் புத்தகங்களில் எல்லோருக்கும் இருபது வயசு, எல்லோரும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி. மூன்று நாள் குகைக்குள் கிடந்தவன் முகத்தில் கொஞ்சமாவது அழுக்கு வேண்டாமா? ஆனால் இதற்கும் அனிமேவை மட்டும் குறை சொல்ல முடியாது. நல்ல மாங்கா ஓவியர்கள் கிழவர்களை அற்புதமாக வரைகிறார்கள். அவர்களிடமிருந்து கண்ணையும் வாளையும் எடுத்துக்கொண்டோம், சுருக்கத்தை விட்டுவிட்டோம்.

என் எல்ஃப் இன்னும் முடியவில்லை. நண்பர் இப்போது அவளுக்கு ஹெல்மெட் வேண்டும் என்கிறார். அந்தக் காதை வைத்துக்கொண்டு ஹெல்மெட்டை எந்தப் பக்கமாக மாட்டுவது என்று தெரியாமல் இரண்டு நாளாக அழித்து அழித்து வரைந்துகொண்டிருக்கிறேன்.