பதில்: காலைப் பாலிலும் மாலைப் பாலிலும் யூரியா அளவு வேறு வேறாக வருகிறதே?

வணக்கம். உங்கள் மாட்டின் காலைப் பாலில் யூரியா நைட்ரஜன் (யூரியாவில் உள்ள நைட்ரஜன் அளவு) டெசிலிட்டருக்கு 10 மில்லிகிராம், மாலைப் பாலில் 15 என்று வந்திருப்பதற்கு ஆய்வகத்தைக் குறை சொல்ல வேண்டாம். காலைக் கறவை முடிந்ததும் கடலைப் புண்ணாக்கு மொத்தத்தையும் ஒரே வேளையாக வைப்பதாக எழுதியிருக்கிறீர்களே, காரணம் அங்கேதான். தின்ற ஓரிரு மணி நேரத்தில் புண்ணாக்கின் புரதம் சிதைந்து, அசையூண் வயிற்றில் (மாட்டின் முதல் இரைப்பையில்) அம்மோனியா உச்சத்துக்குப் போகும். அங்கே வாழும் நுண்ணுயிர்கள் பிடித்துக்கொண்டது போக மிச்சத்தைக் கல்லீரல் யூரியாவாக மாற்றி இரத்தத்தில் விடும். இரத்தத்தில் ஏறினால் சற்று நேரத்தில் பாலிலும் ஏறும். ராத்திரி வெறும் வைக்கோல்தான் என்றால் விடியற்காலைப் பாலில் குறையத்தானே செய்யும்?

மாலை எண்ணை மட்டும் பார்த்துப் புண்ணாக்கைக் குறைத்துவிடாதீர்கள். இரண்டு வேளையாகப் பிரித்து, மக்காச்சோள மாவோடு கலந்து வையுங்கள். அப்புறம், இருவேளைப் பாலையும் கறந்த அளவின் விகிதத்தில் கலந்து மாதிரி அனுப்புங்கள்.