முதல் டெஸ்ட் அவருக்கு

கேள்வி: எனக்கு 27 வயது, கணவருக்கு 33. கல்யாணமாகி மூன்று வருடம் ஆகிறது. அவர் வண்டன்மேடு பக்கம் ஏலத்தோட்டத்தில் மருந்து அடிக்கிறார். வாரம் முழுக்க அங்கேயே லயத்தில் தங்கிவிட்டு, சனிக்கிழமை ராத்திரி ஜீப் பிடித்து வருவார். திங்கள் விடிகாலையில் கிளம்பிவிடுவார். எனக்கு மாதவிலக்கு 28 நாளுக்கு ஒருமுறை சரியாக வந்துவிடும். ஆனாலும் ஸ்கேனில் நீர்க்கட்டி என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அவரை டாக்டரிடம் கூப்பிட்டால், "எனக்கு என்ன குறைச்சல்?" என்று சத்தம் போடுகிறார். நிலத்தை விற்றாவது டெஸ்ட் டியூப் குழந்தைக்குப் போகலாம் என்கிறார் மாமியார். நான் என்ன செய்வது?
- பெயர் வேண்டாம், கம்பம்

பதில்: அன்புத் தங்கைக்கு, நீங்கள் ஸ்கேன், மாத்திரை என்று அலைந்துவிட்டீர்கள். அவருக்கு இன்னும் ஒரு டெஸ்ட்கூட எடுக்கவில்லை. குழந்தை தாமதமாகிற தம்பதிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. தனியாகவோ, மனைவி பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ. பெண்ணுக்குச் செய்யும் பரிசோதனைகளோடு பார்த்தால் விந்துப் பரிசோதனைக்குச் செலவும் குறைவு, வலியும் இல்லை. அதைக் கடைசிக்குத் தள்ளுவது நம் ஊர் வழக்கம்.

முதலில் உங்கள் நீர்க்கட்டியைப் பார்த்துவிடலாம். அவை முழுதாக வளராமல் நின்ற சின்னச் சின்ன முட்டைப்பைகள். இளம் பெண்கள் பலருக்கு ஸ்கேனில் அப்படித்தான் தெரியும். அதை மட்டும் வைத்து பிசிஓஎஸ் என்கிற, ஹார்மோன் கோளாறோடு வரும் சினைப்பைப் பிரச்சினை என்று சொல்லிவிட முடியாது. மாதவிலக்கு தள்ளிப்போவது, முகத்தில் முடி வளர்வது என்று வேறு அடையாளமும் வேண்டும். நாள் தவறாமல் மாதவிலக்கு வருகிறது என்றால் பெரும்பாலும் முட்டை வெளியாகிறது என்றுதான் அர்த்தம். தைராய்டு டெஸ்ட் எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். கருக்குழாய் அடைப்பு இருக்கிறதா என்றும் பிறகு பார்க்க வேண்டிவரும். நம் நாட்டில் அந்த அடைப்புக்குக் காசநோயும் ஒரு காரணம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது அந்த ஜீப்தான். அடுத்த மாதவிலக்குக்குச் சுமார் 14 நாள் முன்னால் முட்டை வெளியாகும். அதற்கு ஆயுள் ஒரு நாள். விந்தணு ஐந்து நாள் வரை தாங்கும். ஆனாலும் முட்டை வெளியாகும் நாளும் அதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளும்தான் நல்ல வாய்ப்புள்ள நாட்கள். 28 நாள் என்பது சரியாக நாலு வாரம். ஒரு மாதம் வியாழக்கிழமை முட்டை வெளியானால், அடுத்த மாதமும் அநேகமாக வியாழக்கிழமைதான். அவரோ திங்கட்கிழமையே மலையேறிவிடுகிறார்! இப்படியே எத்தனை மாதம் போயிருக்கும் என்று காலண்டரை வைத்து எண்ணிப் பாருங்கள். அவர் கார்த்திகையில் மாலை போடுகிறவர் என்றால் 41 நாள் விரதத்தையும் கழித்துக்கொள்ளுங்கள். பிரச்சினையே இல்லாத இளம் தம்பதிக்குக்கூட ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நாலில் ஒன்றுதான்.

அடுத்தது அவர் அடிக்கிற மருந்து. 1977இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் டிபிசிபி என்ற பூச்சிமருந்தைத் தயாரித்த தொழிலாளர்கள் பலருக்கு விந்தணு மிகக் குறைந்தோ அறவே இல்லாமலோ போயிருந்தது. நம்மில் பலருக்குப் பிள்ளையே பிறக்கவில்லையே என்று அவர்களே தங்களுக்குள் பேசியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அது இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து. உங்கள் கணவர் அடிப்பது வேறாக இருக்கும். அவருக்கு மருந்தால்தான் கோளாறு என்றும் நான் சொல்லவில்லை. ஆனால் கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை இல்லாமல் அடிக்க வேண்டாம். வேலை முடிந்ததும் குளித்துவிட வேண்டும். மருந்து பட்ட துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். புகையிலை, பீடி, குடி இருந்தால் அவையும் விந்தணுவைப் பாதிக்கும். வயதுக்கு வந்தபின் பொன்னுக்கு வீங்கி வந்ததா, விதைப்பையில் நரம்புச் சுருள் இருக்கிறதா என்பதையெல்லாம் டாக்டர் கேட்பார். யாராவது 'ஆண்மை ஊசி' என்று டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைப் போட வந்தால் ஓடிவரச் சொல்லுங்கள். அது விந்தணு உற்பத்தியையே நிறுத்திவிடும்.

அவருடைய கோபத்துக்கு அடியில் இருப்பது பயம். ஆண்மை வேறு, விந்தணு எண்ணிக்கை வேறு என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். "உங்களுக்குக் குறையா?" என்று ஆரம்பிக்காதீர்கள். "ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துக்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். கம்பத்தில் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று கூச்சப்பட்டால், தேனி பக்கம் க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இருவருமாகப் போய் விசாரியுங்கள். டெஸ்டுக்கு முன் இரண்டிலிருந்து ஏழு நாள் வரை உறவு வேண்டாம். இடையில் கடும் காய்ச்சல் வந்திருந்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். முதல் ரிப்போர்ட் சரியில்லை என்றால் இடிந்துபோக வேண்டாம், சில வாரம் கழித்து இன்னொன்று எடுப்பார்கள். புது விந்தணு உருவாக இரண்டரை மூன்று மாதம் ஆகும், அதனால் எந்த மாற்றத்தின் பலனும் அதற்குப் பிறகுதான் தெரியும்.

நிலத்தை இப்போதைக்கு விற்க வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லிவிடுங்கள். டெஸ்ட் டியூப் தேவையா என்பதே இந்த டெஸ்டுகளுக்குப் பிறகுதான் தெரியும். அதுவரைக்கும் காலண்டரில் அந்த நாட்களைக் குறித்து வையுங்கள். கங்காணியிடம் கேட்டு அந்த நாட்களுக்கு அவர் லீவு வாங்கட்டும்.