டிசம்பர் மழையில் பைக்கை மூடிவிட்டு ஊருக்குப் போகலாமா?

தம்பி, உங்கள் கேள்வியை வாசித்தேன். டிசம்பர் நடுவில் ஊருக்குக் கிளம்பினால் பொங்கல் முடிந்து ஜனவரி கடைசியில்தான் திரும்புவீர்கள். அதுவரை சிங்கப்பூர் ஈசூனில் உங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு முன்னால் திறந்தவெளி கார்பார்க்கில் பைக் நிற்கும். அமெரிக்காவில் இருக்கும் அத்தான் தன்னுடைய டிராவல் டிரெய்லரை, அதாவது காருக்குப் பின்னால் இழுத்துப்போகும் வீட்டு வண்டியை, குளிர்காலம் முழுக்க மூடித்தான் வைப்பாராம். நீங்களும் ஒரு தார்ப்பாயாவது வாங்கி இறுக்கிக் கட்டிவிட்டுப் போங்கள் என்கிறாராம். கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். முதலில் கூரை உள்ள இடம் தேடுங்கள். கிடைக்காவிட்டால் காற்றுப் போகிற துணி உறை. அதுவும் இல்லையென்றால் மூடாமலே விட்டுவிட்டுப் போங்கள், அதுவே மேல்.

அத்தான் சொல்வதில் அவர் ஊருக்கு நியாயம் இருக்கிறது. டிரெய்லரின் கூரை மூட்டுகளில் இறங்கும் தண்ணீர் இரவில் உறைந்து விரியும், மயிரிழை விரிசலைப் பெரிதாக்கும். பனி வாரக்கணக்கில் கூரைமேல் கிடக்கும். அதற்காக உறை போடுகிறார்கள். ஆனால் அங்கேயும் விவரம் தெரிந்தவர்கள் நீலத் தார்ப்பாயைப் போடுவதில்லை. உள்ளே ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும், காற்றில் படபடத்துப் பெயிண்டைத் தேய்க்கும் என்று, காற்றோட்டமுள்ள துணியில் அளவாகத் தைத்த உறையைத்தான் வாங்குவார்கள். அப்படி மூடினாலும் குழாய்களில் நிற்கும் தண்ணீரை வடிக்காமல் விட்டால் அது உறைந்து குழாய் வெடித்துவிடும். உறையால் குளிரைத் தடுக்க முடியாது.

நமக்கு இங்கே உறைபனி கிடையாது, புழுக்கம்தான். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் தொடங்கி மார்ச் முற்பகுதி வரை நீடிக்கும். அதில் டிசம்பரும் ஜனவரியும்தான் அதிகம் நனையும் மாதங்கள், சரியாக நீங்கள் ஊரில் இருக்கப்போகும் நேரம். சில சமயம் இரண்டு மூன்று நாள் விடாமல் ஊற்றும். 2025 ஜனவரி 10, 11 இரண்டே நாளில் சாங்கியில் 255 மில்லிமீட்டர் பெய்தது. ஜனவரி முழு மாதத்துக்கும் சராசரியே 222 மில்லிமீட்டர்தான். இப்படிப்பட்ட நாட்களில் காற்றின் ஈரப்பதம் நூறு சதவீதத்தைத் தொடும். அந்தக் காற்றைத் தார்ப்பாய்க்குள் அடைத்துக் கட்டினால், வெயில் எட்டிப் பார்க்கும்போது நனைந்த தரையிலிருந்து ஆவி கிளம்பி உள்ளே ஏறும். இரவில் தார்ப்பாய் குளிர்ந்ததும் அதன் உட்புறம் நீர் கோத்து வண்டிமேலேயே சொட்டும். மழையில் சும்மா நனைந்த பைக் கொஞ்ச நேர வெயிலில் காய்ந்துவிடும். தார்ப்பாய்க்குள் நனைந்தது அவ்வளவு சீக்கிரம் காயாது.

எங்கள் புளோக்கில் ஒருவர் நீலக் கித்தானைப் போட்டு நைலான் கயிற்றால் சுற்றிக் கட்டிவிட்டு ஊருக்குப் போயிருந்தார். திரும்பி வந்து அவர் அவிழ்த்தபோது நான் பக்கத்தில் நின்றேன். சீட்டின் தையல் ஓரமெல்லாம் சாம்பல் நிறத்தில் பூஞ்சை. பிரேக் டிஸ்க் முழுக்கச் செம்மண் பூசியதுபோல் துரு. கண்ணாடிக் கம்பியில் கயிறு உரசிய இடத்தில் கறுப்புப் பெயிண்ட் போய் இரும்பு தெரிந்தது. சீட்டுக்கும் டாங்க்குக்கும் நடுவே கித்தான் தொய்ந்த குழியில் ஒரு குவளைத் தண்ணீர் நின்றது, அதில் கொசுப்புழு நெளிந்துகொண்டிருந்தது. இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம் போதும். நம் வண்டிமேல் வளரும் கொசு கீழ்மாடிப் பிள்ளைகளுக்கு டெங்கிக் காய்ச்சலைக் கொண்டுபோய்விடக் கூடாது.

பக்கத்தில் பலமாடி கார்பார்க் இருந்தால் உங்கள் சீசன் பார்க்கிங் (மாதக் கட்டண அனுமதி) அங்கே செல்லுமா, மாற்ற முடியுமா என்று வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இணையத்தளத்தில் இன்றைக்கே பாருங்கள். உச்சித் தளம் வெட்டவெளி, அங்கே வேண்டாம். கீழ்த்தளங்களில் சாரல் அடிக்காத உட்பக்கம் கிடைத்தால் உறைகூடத் தேவையில்லை. புளோக்குக்கு அடியில் வாய்ட் டெக்கில் தள்ளிவைக்கும் யோசனை மட்டும் வேண்டாம், அது குற்றம்.

திறந்தவெளிதான் என்றால் காக்கி புக்கிட், ஊபி பக்கம் பைக் கடைகளில் உங்கள் வண்டி அளவுக்கு உறை கேளுங்கள். கையில் எடுத்து வாய் வைத்து ஊதிப் பாருங்கள், துணி வழியாகக் காற்று கொஞ்சமாவது போகணும். பெரிய அளவு வாங்கினால் தொய்வு விழும், காற்றில் படபடக்கும். போடும் முன் வண்டியைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். அழுக்கோடு மூடினால் துணி அசையும் ஒவ்வொரு தடவையும் அந்த மணல் பெயிண்டைக் கீறும். சைலன்சர் ஆறின பிறகுதான் போடணும். அடிப்பக்கம் கொஞ்சம் திறந்திருக்கட்டும், எண் பலகை வெளியே தெரியட்டும். பாக்ஸுக்குள் ரெயின்கோட்டையும் ஹெல்மெட்டையும் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

உறையைவிட பேட்டரியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அலாரம், டிராக்கர் எதுவும் மாட்டியிருந்தால் ஒன்றரை மாதத்தில் பேட்டரியை உறிஞ்சிவிடும். கார்பார்க்கில் சார்ஜர் சொருகவும் வழியில்லை. கிளம்புகிற அன்று நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள், ஒரு ஸ்பேனர் போதும். டாங்க்கில் பெட்ரோலை நிரப்பிவிடுங்கள், காலி இடம் குறைந்தால் உள்ளே நீர் கோத்துத் துருப்பிடிப்பதும் குறையும். செயினுக்கு எண்ணெய் போடுங்கள்.

அப்புறம், அறைத்தோழரிடம் வாரம் ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் பண்ணச் சொல்லப்போவதாக எழுதியிருந்தீர்கள். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் உறுமவிடுவதால் பேட்டரி ஏறாது, சைலன்சருக்குள் ஈரம்தான் சேரும். லைசென்சும் உங்கள் இன்சூரன்சில் இடமும் இல்லாமல் அவர் ஓட்டவும் கூடாது. அவர் போய் உறைமேல் தேங்கிய தண்ணீரைத் தட்டிவிட்டு வந்தால் அதுவே பெரிய உதவி.

ரோட் டாக்ஸும் இன்சூரன்சும் நீங்கள் ஊரில் இருக்கும்போது முடிகிறதா என்று பாருங்கள். ஓட்டாமல் நிற்கும் வண்டிக்கும் இரண்டும் வேண்டும். வண்டிக்கு 3 வயது தாண்டியிருந்தால் ஆண்டுதோறும் சோதனையும் உண்டு, அதையும் முடித்துவிட்டே கிளம்புங்கள். சிஓஇ என்கிற வாகன உரிமைச் சான்றிதழுக்கு அவ்வளவு பணம் கொட்டி எடுத்த வண்டி, கவனமாக இருங்கள்.

திரும்பி வந்ததும் பேட்டரி வயரை மாட்டி, டயரில் காற்றடித்துவிட்டு மெதுவாகக் கிளம்புங்கள். முதல் சில பிரேக்குகள் கரகரக்கும். டிஸ்க்கின் மேல்துரு அது, ஓட்ட ஓட்டத் தேய்ந்துவிடும். மறுநாளும் கரகரத்தாலோ லீவர் அதிர்ந்தாலோ பேடைக் கழற்றிப் பார்க்கச் சொல்லிக் கடையில் விடுங்கள்.