சிப் பஞ்சம்: வந்த கடிதங்களுக்கு பதில்கள்

மெமரி விலை ஏறியதிலிருந்து ஓசூர் பக்கத்துக் கடிதங்களே அதிகம். பாலக்கோடு, அரூரிலிருந்தும் சில. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒரு பதில்தான்.

பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் சரக்கு தட்டாமல் கிடைக்கிறதே, எப்படி? எங்களுக்கு ‘அடுத்த காலாண்டில் பார்க்கலாம்’ என்கிறார்கள்.
*சிறு போர்டு தயாரிப்பாளர், ஓசூர் சிப்காட்*

உலகின் டிராமில் (கம்ப்யூட்டரும் போனும் ஓடும்போது பயன்படுத்தும் மெமரி) 90 சதவீதத்துக்கு மேல் மூன்றே பேர் கையில் இருக்கிறது: சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான். பெரிய ஆட்கள் டிஸ்ட்ரிபியூட்டரிடம் போவதில்லை, இந்த மூவரிடமும் நேரடியாக உட்கார்ந்து பேசுகிறார்கள். இந்த ஆண்டு இவ்வளவு, அடுத்த ஆண்டு இவ்வளவு என்று அளவை முதலில் எழுதிக்கொள்வார்கள். விலையைப் பெரும்பாலும் காலாண்டுக்கு ஒருமுறை பேசுவார்கள்.

ஒரே போர்டில் இரண்டு மூன்று கம்பெனி சிப்புகளைச் சோதித்து ஒப்புதல் வாங்கி வைத்திருப்பதும் முக்கியம். 2013 செப்டம்பரில் சீனாவின் வூஷியில் ஹைனிக்ஸ் ஆலை தீப்பிடித்து டிராம் விலை எகிறியபோது, மாற்று சிப் கையில் இருந்தவர்கள் அடுத்த கதவைத் தட்டினார்கள். மற்றவர்கள் சொன்ன விலைக்கு வாங்கிக்கொண்டார்கள்.

அப்புறம் அட்வான்ஸ். 2005 நவம்பரில் ஆப்பிள், ஹைனிக்ஸ், இன்டெல், மைக்ரான், சாம்சங், தோஷிபா ஆகிய ஐவரிடமும் 2010 வரை பிளாஷ் மெமரிக்கு (மின்சாரம் போனாலும் தகவல் அழியாத மெமரி) ஒப்பந்தம் போட்டு, 125 கோடி டாலரை முன்பணமாகத் தருவதாக அறிவித்தது. நம் ஊரில் பூ விடும்போதே வியாபாரி பணத்தைக் கொடுத்து மாந்தோப்பைப் பிடிப்பாரே, அதே கதைதான். காய் இறங்கும்போது வருகிறவருக்கு மிச்சம்தான்.

சிலர் ஆலையிலேயே பங்கு எடுப்பார்கள். 2018-ல் தோஷிபாவின் மெமரிப் பிரிவை சுமார் 1,800 கோடி டாலருக்கு வாங்கிய கூட்டணியில் ஆப்பிள், டெல், சீகேட், கிங்ஸ்டன் எல்லாம் இருந்தன. இன்று அதன் பெயர் கியோக்ஸியா.

அட்வான்ஸ் கொடுத்தால் விலை குறையுமா?
*போச்சம்பள்ளி*

குறையும் என்று நம்பி இறங்காதீர்கள். அது வரிசையில் இடம் பிடிக்கும் பணம்.

8 ஜிபி மெமரி என்ன விலை? உடனே தெரிவிக்கவும்.
*கிருஷ்ணகிரி*

எந்த 8 ஜிபி ஐயா? பழைய தலைமுறை டிடிஆர்4-ஆ, புது டிடிஆர்5-ஆ, போனில் வரும் எல்பிடிடிஆரா, சேமிப்புக்கு வரும் இஎம்எம்சியா? தனிச் சிப்பா, கம்ப்யூட்டரில் சொருகும் ஸ்டிக்கா? ஜிகாபிட்டா, ஜிகாபைட்டா? 8 ஜிகாபிட் என்றால் ஒரு ஜிகாபைட்தான். எட்டு மடங்கு வித்தியாசத்தை ஒரு எழுத்தில் விட்டுவிட்டு ‘உடனே’ என்கிறீர்கள். பார்ட் நம்பர் இல்லாத விலைக் கேள்விக்கு இனி பதில் கிடையாது. இதை எத்தனை முறை எழுதினேன் என்று எனக்கே நினைவில்லை.

ஆலைகள் அப்படியே இருக்கும்போது திடீரென்று பஞ்சம் எங்கிருந்து வந்தது?
*பொறியியல் மாணவர், தர்மபுரி*

நல்ல கேள்வி, தம்பி. ஆலை அப்படியே இருக்கிறது, உள்ளே ஓடும் சரக்கு மாறிவிட்டது. ஏஐ சர்வர்களுக்கான எச்பிஎம் என்ற அடுக்கு மெமரி, அதே கொள்ளளவு டிடிஆர்5-ஐ விட சுமார் மூன்று மடங்கு வேஃபர் (சிப்புகளை வெட்டியெடுக்கும் சிலிக்கான் தட்டு) இடத்தைத் தின்கிறது. லாபமும் அதில்தான் அதிகம் என்பதால் லைன்கள் அந்தப் பக்கம் திரும்பின. 2025 அக்டோபரில் சாட்ஜிபிடி செய்யும் ஓபன்ஏஐ, தன் ஸ்டார்கேட் என்ற ஏஐ டேட்டா சென்டர் திட்டத்துக்காக சாம்சங், ஹைனிக்ஸ் இருவரோடும் விருப்பக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டது. அதில் பேசப்பட்ட தேவை மாதம் 9 லட்சம் வேஃபர் வரை. டிசம்பரில் மைக்ரான், கடைகளில் விற்ற குரூஷியல் வியாபாரத்தையே மூடுவதாக அறிவித்தது. புது ஆலை கட்டி ஓட்டத்துக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகும்.

ஒரே தேவைக்கு மூன்று டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் ஆர்டர் போட்டுவிட்டு, முதலில் வருவதை எடுத்துக்கொண்டு மற்றதை கேன்சல் செய்கிறோம். புத்திசாலித்தனம்தானே?
*பர்ச்சேஸ் அதிகாரி, ஓசூர்*

இல்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் என் வயிற்றெரிச்சலே இதுதான்.

நீங்கள் 10,000 சிப் கேட்டு மூன்று இடத்தில் எழுதினால், மேலே 30,000 தேவை என்று போகிறது. உங்கள் பக்கத்து கம்பெனியும் அதையே செய்கிறது. ஆலைக்காரன் இல்லாத தேவையைப் பார்த்து விலையை ஏற்றுகிறான். ஏறிய விலையைப் பார்த்து நீங்கள் நான்காவது இடத்திலும் ஆர்டர் போடுகிறீர்கள். பஞ்சம் என்று புலம்புவதில் கணிசமான பங்கு நாமே கிளப்பிய புழுதி.

டிஸ்ட்ரிபியூட்டர்களுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பெரிய ஆர்டர்களில் கடைசி வாடிக்கையாளர் யார், எந்தப் பொருளுக்கு என்று ஆலைக்கு எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரே பெயர் மூன்று வழியில் வந்தால் உங்கள் ஃபோர்காஸ்ட் (இனி எவ்வளவு தேவை என்ற மதிப்பீடு) எண்ணுக்கு அன்றோடு மதிப்பு போய்விடும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் விற்பனைப் பிரிவு தன் எண்ணில் 20 சதவீதம் கூட்டும், பிளானிங் இன்னொரு 20, பர்ச்சேஸ் தன் பங்குக்கு ஒரு 20. கடைசியில் உண்மைத் தேவைக்கு மேல் கிட்டத்தட்ட முக்கால் பங்கு காற்று. சரக்கு சுருங்கி அலோகேஷன் (இருப்பதைப் பங்கிட்டுக் கொடுப்பது) வந்தபோது சப்ளையர் எங்கள் ஃபோர்காஸ்டைத் திருப்பியே பார்க்கவில்லை. கடந்த ஆண்டு உண்மையில் எவ்வளவு எடுத்தோம் என்று மட்டும் பார்த்து, அதிலும் வெட்டிக் கொடுத்தான். அதே ஊரில், கேட்டதை ஒழுங்காக எடுத்து நாளுக்குப் பணம் கட்டிய ஒரு சின்ன யூனிட்டுக்கு முழுசாகப் போனது. எங்கள் மீட்டிங்கில் இதற்குப் பழி சுமந்தது பர்ச்சேஸ் பையன்!

2022-ன் பின்பாதியில் போன், கம்ப்யூட்டர் கம்பெனிகள் ஆர்டரைச் சடாரென்று குறைத்தன. கிடங்கில் சரக்கு குவிந்தது, விலை சரிந்தது. 2023-ல் மெமரி கம்பெனிகள் பெரும் நஷ்டம் பார்த்து உற்பத்தியை வெட்டின. சூடுபட்டவர்கள் அதன்பின் புது லைன் போட யோசித்தார்கள். ‘கேன்சலும் கிடையாது, ரிட்டர்னும் கிடையாது’ என்ற நிபந்தனையில் கையெழுத்துக் கேட்பதும் அதனால்தான். அதில் கையெழுத்துப் போட்டுவிட்டு மூன்று இடத்தில் ஆர்டர் வைத்திருந்தால், மூன்று லோடும் உங்கள் வாசலில் இறங்கும். அப்போது எனக்குக் கடிதம் எழுதாதீர்கள்.

பெங்களூரில் ஒரு புரோக்கர் பாதி விலைக்குத் தருகிறார். வாங்கலாமா?
*பர்கூர்*

வேண்டாம். பழைய போர்டிலிருந்து பிடுங்கி, புதுச் சாலிடர் உருண்டை ஒட்டி, மேலே வேறு எழுத்துப் பொறித்த சிப்புகள் பஞ்ச காலத்தில்தான் வெளியே வரும். பில் இல்லாத சிப் வேண்டாம், லாட் நம்பரும் (தொகுதி எண்) டேட் கோடும் (செய்த தேதிக் குறி) ஒத்துப்போகாத சிப் வேண்டாம், சீல் உடைந்த பாக்கெட் வேண்டாம். வேறு வழியே இல்லை என்றால் ஒரு லாட்டில் சிலதை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள், ஒன்றிரண்டைத் திறந்து உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டை (டை) பாருங்கள்.

ஓசூர் பக்கம் ஐபோன் வேலை நடக்கிறதே. அங்கிருந்து எங்களுக்குக் கொஞ்சம் மெமரி திரும்புமா?
*சூளகிரி*

திரும்பாது. எந்தச் சிப், எவ்வளவு, என்ன விலை என்பதையெல்லாம் பிராண்டுக்காரர் நேரடியாகப் பேசி முடித்துவிடுவார். அசெம்பிளி ஆலைக்கு வருவது எண்ணி வந்த சரக்கு.

குஜராத்தில் மைக்ரான் வந்துவிட்டதே, இனி எளிதுதானே?
*அரூர்*

சானந்தில் இருப்பது சிப்பை உறையிட்டு (பேக்கேஜிங்) சோதிக்கும் ஆலை. வேஃபர் வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. நாட்டுக்கு நல்லது, உங்கள் அடுத்த மாத டெலிவரிக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

டிடிஆர்4 நிற்கப்போகிறது என்கிறார்கள். மொத்தமாக வாங்கி வைத்துவிடலாமா?
*கன்ட்ரோலர் தயாரிப்பாளர், ஓசூர்*

2025 நடுவில் பழைய டிடிஆர்4 விலை புது டிடிஆர்5-ஐத் தாண்டியதைப் பார்த்தோம். பெரிய கம்பெனிகள் கைவிடும் சரக்கு அப்படித்தான் நடந்துகொள்ளும். உங்கள் போர்டை மாற்றியமைக்க எத்தனை மாதம் ஆகும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். அதுவரைக்கான சரக்கும் மேலே கொஞ்சமும் போதும். ஐந்து வருடத்துக்கு வாங்கிக் குவித்தால் வட்டி தின்றுவிடும். வாங்கியதை ஈரம் புகாத பாக்கெட்டிலேயே வையுங்கள். பிரித்துப் போட்ட சிப்பைச் சூட்டில் உலர்த்தாமல் ரீஃப்ளோவில் (சாலிடரை உருக்கி ஒட்டும் சூளை) ஏற்றினால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகி சிப் வெடிக்கலாம். பில், லாட் நம்பர், டேட் கோட்: மறுபடியும் சொல்லிவிட்டேன்.

சீன மெமரி மலிவாக வருகிறது. போடலாமா?
*கிருஷ்ணகிரி*

உள்நாட்டு விற்பனை என்றால் சோதித்துப் பார்த்து முடிவு செய்யுங்கள். அமெரிக்காவுக்கு ஏற்றுமதி என்றால் வாடிக்கையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். வூஹானில் பிளாஷ் மெமரி செய்யும் ஒய்எம்டிசி கம்பெனியை 2022 டிசம்பரில் அமெரிக்கா கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது.

மகனின் லேப்டாப்புக்கு ரேம் கூட்ட வேண்டும். இப்போதா, விலை இறங்கிய பிறகா?
*பென்னாகரம்*

படிப்பு நிற்கிறது என்றால் இப்போதே. இல்லையென்றால் இருப்பதை ஓட்டுங்கள். எதற்கும் முதலில் அந்த மாடலில் ஸ்லாட் இருக்கிறதா என்று பாருங்கள், மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் ரேமை போர்டிலேயே சாலிடர் செய்துவிடுகிறார்கள்.