டெக்சஸில் வாங்கிய துப்பாக்கியோடு நியூஜெர்சிக்குக் குடிமாறினால் மேகசினால் சிக்கல் வருமா?

வரும். கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இவ்வளவுதான்: டெக்சஸில் முறையாக வாங்கிய க்ளாக் 17 கைத்துப்பாக்கி, அதோடு வந்த 17 தோட்டா மேகசின்கள், வேலை மாற்றத்தால் நியூஜெர்சி. வழியில் என்ன ஆகும் என்று கேட்கிறீர்கள். கூடவே, துப்பாக்கியே சட்டப்படி வாங்கியது, அதில் தோட்டா அடுக்கிச் செருகுகிற ஒரு பிளாஸ்டிக் கூட்டுக்காகவா ஆளைப் பிடிப்பார்கள் என்று கேட்கிறீர்கள். பிடிப்பார்கள். அந்தக் கூடு காலியாக இருந்தாலும் பிடிப்பார்கள்.

நான் வக்கீல் இல்லை. இதே ஊரில் இதே பொருளோடு மாட்டிக்கொள்ள இருந்தவன், அவ்வளவுதான். அதனால் என் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

2014-ல் பென்சில்வேனியாவில் அலன்டவுன் பக்கம் இருந்தோம். கிரீன் கார்டு வந்த வருடம். கூட வேலை பார்த்த ஒருவர் ரேஞ்சுக்கு, அதாவது துப்பாக்கி சுட்டுப் பழகும் இடத்துக்கு, கூட்டிப் போய்ப் பழக்கிவிட்டார். பிடித்துப்போய் ஒரு க்ளாக் 19 வாங்கினேன். பெட்டிக்குள் மூன்று மேகசின், ஒவ்வொன்றும் 15 தோட்டா பிடிக்கும். பென்சில்வேனியாவில் இந்த எண்ணிக்கைக்கு வரம்பே கிடையாது, அதனால் 15 என்ற எண்ணை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

2016-ல் நியூஜெர்சிக்கு வந்தோம். அப்போது இங்கே வரம்பு 15. 1990-ல் ஜிம் ஃப்ளோரியோ ஆளுநராக இருந்தபோது வந்த சட்டம் அது. என்னுடையதும் 15. ஆக, ஒரு தோட்டாகூட மிஞ்சாமல் சட்டத்துக்குள் இருந்தேன், அதுவும் தற்செயலாக. நீங்கள் கொண்டுவருவது போல் க்ளாக் 17 ஆக இருந்திருந்தால் வந்த அன்றே குற்றவாளி.

2018 ஜூனில் ஆளுநர் ஃபில் மர்ஃபி கையெழுத்துப் போட்டு வரம்பை 10 ஆக்கினார். கையில் இருப்பதை ஒழிக்க 180 நாள் அவகாசம், கடைசி நாள் டிசம்பர் 10. ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு விலக்கு கிடையாது. போலீசிடம் ஒப்படைக்கலாம், 10-க்கு மேல் ஏறாதபடி நிரந்தரமாக அடைத்துவிடலாம், அல்லது வைத்துக்கொள்ள உரிமை உள்ள வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். இந்தச் செய்தி எனக்குத் தெரிந்ததே ரேஞ்சில் பக்கத்து வரிசையில் நின்றவர் புலம்பியதால்தான். வீட்டுக்கு ஒரு கடிதமும் வரவில்லை. எப்படி வரும்? மேகசினுக்குப் பதிவு என்று ஒன்று கிடையாது, யார் வீட்டில் எத்தனை இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஊர்ப் போலீஸ் நிலையத்துக்குப் போன் செய்தேன். இரண்டு பேர் கைமாறி, மூன்றாவதாக வந்தவர், "எப்படி வாங்கிக்கொள்வது என்று எங்களுக்கே இன்னும் சரியாகச் சொல்லவில்லை, அடுத்த வாரம் கூப்பிடுங்கள்" என்றார். அடுத்த வாரம் நான் கூப்பிடவில்லை. ஒரு சனிக்கிழமை இரண்டு மேகசின்களை எடுத்துக்கொண்டு டெலவேர் ஆற்றைத் தாண்டி ஈஸ்டனில் இருக்கும் அந்தப் பழைய நண்பரிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அப்பாடா என்று இருந்தது.

மூன்றாவது? அதை மறந்தே போனேன். டிசம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, கார் டிக்கியைச் சுத்தம் செய்த என் மனைவி பழைய ரேஞ்ச் பையைத் தூக்கி வந்து, "இதில் என்னவோ கடமுடவென்று இருக்கிறது, பாருங்கள்" என்றாள். காது மூடி, கிழிந்த குறிப்பலகைக் காகிதம், அதற்கடியில் அது. இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. அன்று மதியமே மறுபடியும் ஈஸ்டன். வழியெல்லாம் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. திரும்பும்போது மட்டும், "இரண்டு நாள் கழித்து உங்களை ரோட்டில் நிறுத்திப் பையைத் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?" என்று கேட்டாள். மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். எந்தப் போலீஸ்காரர் அதை ஒத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரியவில்லை.

இங்கேதான் இந்தச் சட்டத்தின் கூர்மையான இடம் இருக்கிறது. சுட்டாயா, மிரட்டினாயா, வெளியே எடுத்துப் போனாயா என்ற கேள்வியே இல்லை. வைத்திருப்பதே குற்றம். நியூஜெர்சியில் அது நான்காம் நிலைக் குற்றம்: 18 மாதம் வரை சிறை, 10,000 டாலர் வரை அபராதம். முதல் தடவை, வேறு வழக்கு எதுவும் இல்லை என்றால் சிறைக்கு அனுப்பாமல் கண்காணிப்பில் விட வாய்ப்பு உண்டு. ஆனால் தண்டனை என்று பதிவாகிவிட்டால் அடுத்த அடி மத்திய சட்டத்திலிருந்து வரும். ஒரு வருடத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவர், நாட்டில் எங்கேயும் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. நீதிபதி ஒரு நாள்கூட உள்ளே போடாவிட்டாலும் இது பொருந்தும்.

"17 பிடிக்கிறதில் 10 மட்டும் போட்டுக்கொள்கிறேன்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். எத்தனை போட்டிருக்கிறாய் என்று சட்டம் பார்ப்பதில்லை, எத்தனை பிடிக்கும் என்றுதான் பார்க்கிறது. நியூயார்க்கில் 2013-ல் இதற்கு நேர்மாறான ஒரு கூத்து நடந்தது. 10 பிடிக்கிற மேகசின் வைத்துக்கொள்ளலாம், ஆனால் 7-க்கு மேல் நிரப்பக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு 7 தோட்டா மேகசின் என்று ஒன்றை யாரும் தயாரிப்பதே இல்லை. அந்த 7 கணக்கை அதே வருடக் கடைசியில் ஒரு மத்திய நீதிபதி தள்ளுபடி செய்தார், 2015-ல் மேல் நீதிமன்றமும் ஆமாம் என்றது. 10 வரம்பு மட்டும் நின்றது.

ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று ஒரு எண். டெலவேரில் 17 வரை சரி, கொலராடோவில் 15, இல்லினாயில் கைத்துப்பாக்கிக்கு 15, நீளத் துப்பாக்கிக்கு 10. வாஷிங்டன் மாநிலத்தில் 2022 ஜூலையிலிருந்து 10-க்கு மேல் விற்கக் கூடாது, முன்பே கையில் இருந்ததை வைத்துக்கொள்ளலாம். மாசசூசெட்ஸில் 1994 செப்டம்பர் 13 அன்று சட்டப்படி யாரிடமாவது இருந்த பழைய மேகசின் என்றால் தப்பித்தது. அதில் தயாரிப்புத் தேதி இல்லாவிட்டால் எப்படி நிரூபிப்பது என்று கேட்காதீர்கள், அதைப் பற்றியே பல வருடமாகச் சண்டை.

கலிபோர்னியா கதை இன்னும் வேடிக்கை. 2019 மார்ச் 29 அன்று நீதிபதி ரோஜர் பெனிடெஸ் அங்கத்திய தடை செல்லாது என்றார். ஏப்ரல் 5 மாலையிலிருந்து தன் தீர்ப்பை அவரே நிறுத்திவைத்தார். நடுவில் இருந்த ஒரு வாரத்தில் மாநிலம் முழுக்க ஆட்கள் பைத்தியம் பிடித்தது போல் வாங்கிக் குவித்தார்கள். அதற்கு 'சுதந்திர வாரம்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த வாரத்தில் வாங்கியவர்களுக்குத் தனிப் பாதுகாப்பு கிடைத்தது. ஒரே பொருள்தான், வியாழக்கிழமை வாங்கினால் நல்லவர், அடுத்த திங்கட்கிழமை வாங்கினால் குற்றவாளி. 2025 மார்ச்சில் மேற்கு மாநிலங்களுக்கான மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் (ஒன்பதாவது வட்டம்) தடை செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஒத்துக்கொள்ளாத நீதிபதிகளில் ஒருவர், துப்பாக்கிகளைக் கழற்றிக் காட்டி விளக்கும் வீடியோ ஒன்றையே தன் மாற்றுத் தீர்ப்போடு சேர்த்து வெளியிட்டார்.

சரி, நிஜத்தில் மாட்டுவது யார்? என் கணிப்பில், உண்மையைச் சொல்கிறவர்தான் முதலில் மாட்டுகிறார். 2013-ல் பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு தாய், பென்சில்வேனியாவில் முறையாக உரிமம் பெற்றவர், அந்த உரிமம் ஆற்றுக்கு இந்தப் பக்கமும் செல்லும் என்று நினைத்துக்கொண்டு வந்தார். சாதாரணப் போக்குவரத்துச் சோதனை. போலீஸ்காரரிடம் தானாகவே, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று சொன்னார். விளைவு, குறைந்தபட்சம் மூன்றரை வருடம் சிறை என்று மிரட்டும் வழக்கு. ஊர் கூடிச் சத்தம் போட்ட பிறகு கண்காணிப்புத் திட்டத்தில் விட்டார்கள். 2015-ல் ஆளுநர் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார்.

இன்னொருவர் உங்களைப் போலவே வேறு மாநிலத்திலிருந்து இங்கே குடிமாறிக்கொண்டிருந்தவர். 2009-ல் அவர் கார் டிக்கியில் துப்பாக்கிகள், பெரிய மேகசின்கள், இங்கே தனி நிபந்தனைகள் உள்ள, நுனியில் குழி போட்ட தோட்டாக்கள். தீர்ப்பு ஏழு வருடம். சில மாதம் உள்ளே இருந்த பிறகு 2010 டிசம்பரில் கிறிஸ்டிதான் தண்டனையைக் குறைத்து வெளியே விட்டார். குடிமாறும்போது கொண்டுபோகச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது, ஆனால் "நான் குடிமாறிக்கொண்டிருந்தேன்" என்று நிரூபிக்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2012 டிசம்பரில் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் கிரெகரி, வாஷிங்டன் டி.சி.யில் நேரலையில் ஒரு 30 தோட்டா மேகசினைக் கையில் தூக்கிக் காட்டினார். அப்போது டி.சி.யில் 10-க்கு மேல் குற்றம். முன்கூட்டியே போலீசிடம் கேட்டு, கூடாது என்று பதில் வந்த பிறகும் காட்டினார். நாடே பார்த்தது. சட்டத்தை மீறியது உண்மைதான், ஆனாலும் வழக்குப் போடப்போவதில்லை என்று அங்கத்திய அரசு வக்கீல் அறிவித்துவிட்டார். ஒரு குப்பனோ சுப்பனோ அதையே டிக்கியில் வைத்திருந்தால் இதே பெருந்தன்மை கிடைத்திருக்குமா?

இவ்வளவு சொன்னதால் எனக்கு இந்த வரம்பே பிடிக்காது என்று நினைக்க வேண்டாம். 2011-ல் டூசானில் காங்கிரஸ் உறுப்பினர் கேபி கிஃபோர்ட்ஸைச் சுட்டவன் 33 தோட்டா மேகசினைக் காலி செய்துவிட்டு, அடுத்ததை மாட்டப் போன அந்த நொடியில்தான் அங்கிருந்தவர்கள் அவனை அமுக்கினார்கள். சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளும் 6 பெரியவர்களும் இறந்தது 30 தோட்டா மேகசின்களால். மாற்றிப் போடும் அந்த இடைவெளியைச் சீக்கிரம் வரவைப்பதுதான் வரம்பின் நோக்கம். அது வெறும் கற்பனை இல்லை. ரேஞ்சில் எனக்கு 10 தோட்டா போதும், கட்டை விரலும் வலிக்காது. எனக்கு உறுத்துவது வேறு: விற்பதைத் தடுப்பது ஒன்று, அலமாரியில் ஏற்கெனவே கிடப்பதைக் குற்றமாக்குவது வேறொன்று. இரண்டாவதைச் செய்கிற அரசு வீட்டுக்கு ஒரு தாளாவது அனுப்பியிருக்கலாம்.

வழியில் என்ன ஆகும் என்றும் கேட்டிருந்தீர்கள். 1986-ன் மத்திய சட்டம் ஒன்று, மாநிலம் விட்டு மாநிலம் துப்பாக்கி கொண்டுபோகிறவரைக் காப்பாற்றுகிறது. தோட்டா நீக்கி, கைக்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில், அதுவும் டாஷ்போர்டு அறை அல்லாத இடத்தில். ஆனால் புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் அது சட்டப்படி இருந்தால்தான் இந்தக் காப்பு. உங்கள் 17 தோட்டா மேகசின் சேருமிடத்திலேயே தடை செய்யப்பட்டது, ஆகவே இது உங்களுக்கு உதவாது. விமானம் என்றால் இன்னும் கவனம். 2005-ல் யூட்டாவிலிருந்து பென்சில்வேனியாவுக்குப் போன ஒருவர் நியூவார்க்கில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். பெட்டி கைக்கு வந்தது, ஹோட்டலில் இரவு தங்கினார். மறுநாள் காலை கவுன்டரில் நேர்மையாகத் துப்பாக்கியைச் சொல்லிப் பதியப் போனவரைக் கைது செய்தார்கள். குற்றச்சாட்டு பிறகு கைவிடப்பட்டது. நஷ்ட ஈடு கேட்டுப் போட்ட வழக்கில் அவர் தோற்றார். இரவெல்லாம் பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததே என்றது நீதிமன்றம்.

இன்னொன்று, நம் ஆட்கள் மறக்கிற விஷயம். எச்-1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதையே மத்திய சட்டம் தடுக்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் உண்டு. கிரீன் கார்டு இருந்தால் வைத்துக்கொள்ளலாம், ஆனால் துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்த இடம் இருக்கிறது. மேகசின் மட்டும் அந்த வரையறைக்குள் வருமா என்பது வக்கீல்கள் நின்று வாதாட வேண்டிய விஷயம். அந்த வாதத்தின் செலவு உங்கள் தலையில் விழ வேண்டாம்.

ஆகவே 17 தோட்டா மேகசின்களை டெக்சஸிலேயே விற்றுவிடுங்கள், அல்லது அங்கே தங்குகிற நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். க்ளாக் நிறுவனமே 10 தோட்டா மேகசின் தருகிறது. வெளியே பார்த்தால் அதே அளவு, விலையும் பெரிதல்ல. கிளம்பும் முன் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நுனியில் குழி உள்ள தோட்டாக்களையும் அங்கேயே தீர்த்துவிடுங்கள். இங்கே வீட்டில் வைக்கலாம், ஆனால் கொண்டுபோகும் வழிக்கு நிபந்தனைகள் அதிகம். வந்த 60 நாளுக்குள் துப்பாக்கி வாங்குவோருக்கான அடையாள அட்டைக்கு விண்ணப்பித்து, துப்பாக்கியைப் பதிய வேண்டும். இது 2022-ல் வந்த விதி. 10 வரம்பை எதிர்த்த வழக்கில் 2024 ஜூலையில் மத்திய நீதிபதி வரம்பு செல்லும் என்றார், விஷயம் மேல்முறையீட்டுக்குப் போனது. நீங்கள் கிளம்பும் வாரத்தில் நிலை என்ன என்று ஒரு வக்கீலிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம் டிக்கி, பழைய பை, குளிர்கால ஜாக்கெட் பாக்கெட் எல்லாவற்றையும் ஒரு முறை கவிழ்த்துப் பாருங்கள். முடிந்தால் மனைவியைப் பார்க்கச் சொல்லுங்கள்.

என் மூன்று மேகசின்களும் இன்னும் ஈஸ்டனில் அந்த நண்பர் வீட்டில்தான் இருக்கின்றன. எப்போதாவது அவரோடு அங்கே ரேஞ்சுக்குப் போனால், அவற்றைப் போட்டுச் சுட்டுவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுவேன். பாலம் ஏறும் முன் மனைவி ஒரு முறை பையை வாங்கிக் குலுக்கிப் பார்ப்பாள்.