வாசகர் கேள்வி–பதில்: மே 15-உம் சொந்த ஊரும்

கேள்வி: ஒவ்வோர் ஆண்டும் மே 15 அன்று பாலஸ்தீன அகதிகள் பழைய சாவிகளை உயர்த்திப் பிடித்தபடி ஊர்வலம் போவதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். அந்தச் சாவிகளுக்குரிய வீடுகள் பெரும்பாலும் இடிக்கப்பட்டுவிட்டன என்கிறார்கள். அன்று அவர்கள் மனத்தில் இருப்பது துக்கமா, கோபமா, நம்பிக்கையா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, அஸ்தம்பட்டி, சேலம்.

பதில்: மூன்றும் உண்டு, அம்மா. எது மேலோங்கி நிற்கிறது என்பது முகாமுக்கு முகாம் மாறுபடுகிறது.

1948 மே 14 அன்று இஸ்ரேல் நாடு அறிவிக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்பே தொடங்கி 1949 வரை நீடித்த போரில் 7 லட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனர்கள் விரட்டப்பட்டோ உயிருக்கு அஞ்சியோ வெளியேறினார்கள். 400-க்கும் மேற்பட்ட ஊர்கள் ஆளற்றுப் போயின. இதைத்தான் அவர்கள் 'நக்பா', அதாவது பேரழிவு, என்கிறார்கள். மே 15-ஐ நினைவு நாளாகப் பாலஸ்தீனத் தலைவர் யாசர் அராபத் முறைப்படி அறிவித்தது 1998-இல், ஐ.நா. சபை அதைத் தன் அரங்கில் முதன்முறையாக நினைவுகூர்ந்தது 2023-இல்தான்.

பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையிலுள்ள ரமல்லா நகரில் அன்று, எத்தனை ஆண்டுகள் ஆயினவோ அத்தனை விநாடிகளுக்குச் சங்கு ஒலிக்கிறது. ஆலைச் சங்கைக் கேட்டு வேலைக்குக் கிளம்பிப் பழகிய நம் ஊர்க்காரர்களுக்கு, அதே ஓசை கேட்டு ஒரு நகரமே நடையை நிறுத்தி நிற்பதைக் கற்பனை செய்வது கடினமாக இருக்கலாம். பெத்லகேமின் அய்தா முகாம் வாயிலின் மேல் மிகப் பெரிய சாவி ஒன்றையே அமைத்து வைத்திருக்கிறார்கள். வெளியேறியவர்களில் பலர், சண்டை ஓய்ந்ததும் சில நாட்களில் திரும்பிவிடலாம் என்று நம்பிக் கதவைப் பூட்டிவிட்டுத்தான் போனார்கள். அந்த நம்பிக்கைக்கு அவர்கள் கையில் எஞ்சிய சாட்சி சாவி ஒன்றே. வீடு இருக்கிறதா இல்லையா என்பதை அவர்களும் அறிவார்கள்.

கேள்வி: அங்கே பிறக்காத பேரப்பிள்ளைகள் அதை எப்படித் தம் ஊர் என்று சொல்ல முடியும்?
— கல்லூரி மாணவர், ஏற்காடு.

பதில்: உங்கள் வகுப்புத் தோழரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கூடத் தாத்தாவின் ஊரைச் சொல்வார். காதுகுத்துக்கும் முதல் முடியிறக்கவும் குலதெய்வம் இருக்கும் அந்த ஊருக்கே போவார். மேட்டூர் அணையில் நீர் வற்றும்போது பண்ணவாடிப் பகுதியில் நந்தி சிலையும் பழைய தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். முழுகிப்போன ஊர்களின் நினைவு 1934-க்குப் பிறகும் அற்றுவிடவில்லை. அந்த மக்களும் நிலத்தை இழந்தார்கள்தான். ஆனால் சொந்த நாட்டை இழக்கவில்லை என்ற பெரும் வேறுபாட்டை நாம் மறக்கக் கூடாது.

தாரமங்கலம் பக்கத்து இலங்கைத் தமிழர் முகாமில் ஓர் இளம்பெண்ணிடம் சில ஆண்டுகளுக்கு முன் பேசினேன். முகாமிலேயே பிறந்தவர், கடலையே பார்த்திராதவர். ஊர் எது என்று கேட்டதும், சற்றும் தயங்காமல், "மன்னார்" என்றார். லெபனானிலும் ஜோர்டானிலும் உள்ள முகாம்களில் பல தெருக்களும் குடியிருப்புகளும் 1948-க்கு முந்தைய ஊர்களின் பெயரால் வழங்குவதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அந்த ஒற்றைச் சொல் என் நினைவுக்கு வருகிறது. முள்ளிவாய்க்காலை நினைத்து ஈழத் தமிழர்கள் கஞ்சி காய்ச்சும் மே 18-உம் இந்த நாளுக்கு அடுத்த மூன்றாம் நாள்தான்.

கேள்வி: தஞ்சம் புகுந்த அரபு நாடுகளிலேயே குடியுரிமை பெற்று வாழ்ந்துவிட்டால் என்ன?
— வாசகர், ஆத்தூர்.

பதில்: ஜோர்டானில் பெரும்பாலோர் குடியுரிமை பெற்றுவிட்டார்கள், ஆயினும் அங்கேயும் மே 15 அன்று மக்கள் கூடுகிறார்கள். லெபனானில் நிலைமை மிகக் கசப்பானது. அங்கே 12 முகாம்கள் இருக்கின்றன. குடியுரிமை கிடையாது, மருத்துவம், சட்டம் போன்ற பல தொழில்களில் இடமில்லை, 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வீடு வாங்கவும் வழியில்லை. ஆகவே அங்கே அந்த நாளின் கோபம், விரட்டியவர்களோடு நிற்காமல் ஏற்றுக்கொள்ளாதவர்களையும் தொடுகிறது. 2011-இல் அதே நாளில் லெபனான் எல்லையிலுள்ள மாரூன் அல்ராஸ் ஊரில் கூடி வேலியை நெருங்கிய இளைஞர்கள் பலர் இஸ்ரேலியப் படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்.

திரும்பிச் சென்று அண்டை அயலாரோடு அமைதியாக வாழ விரும்புவோரை அனுமதிக்க வேண்டும் என்று ஐ.நா. பொதுச் சபையின் 194-ஆம் தீர்மானம் 1948 டிசம்பரிலேயே கூறியது. அத்தனை பேரும் திரும்பினால் யூதர் பெரும்பான்மை நாடாக நீடிக்க முடியாது என்பது இஸ்ரேலின் மறுப்பு. ஐரோப்பாவில் யூதர்கள் கொன்றழிக்கப்பட்ட வரலாறு அந்த அச்சத்துக்குப் பின்னால் இருப்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் அந்தக் கொடுமையில் எந்தப் பங்கும் இல்லாத உழவர்களின் வீடுகள் ஏன் அதற்கு ஈடாயின என்று அகதிகள் கேட்பது முற்றிலும் நியாயமான கேள்வி என்றே கருதுகிறேன்.

காசாவில் அந்த நாள் பழையதை நினைக்கும் நாளாகவே இப்போது இல்லை. அங்கு வாழ்வோரில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் 1948-இன் அகதிகளும் அவர்களின் வழிவந்தவர்களும் ஆவர். 2023 அக்டோபரில் தொடங்கிய போரில் 10-இல் 9 பேர் மறுபடியும் இடம்பெயர்ந்தார்கள். சிறு வயதில் பெற்றோரின் கையைப் பிடித்துக்கொண்டு காசாவுக்கு நடந்து வந்தவர்கள், முதுமையில் பேரப்பிள்ளைகளோடு அங்கிருந்தும் தெற்கே நடந்தார்கள். அவர்களிலும் சிலர் புறப்படும்முன் வீட்டைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார்கள்.